பெல்ஃபாஸ்ட்: கணக்குக் கேட்டு வந்த சமாதானம்

(படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெல்ஃபாஸ்ட் போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் தம்பி மகள் அங்கே செவிலியராக வேலை பார்க்கிறாள். 2024 அக்டோபரில் இரண்டு வாரம் அவளோடு தங்கியிருந்தேன். பயணக் கதை சொல்வது என் நோக்கமல்ல. முப்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த ஒரு நகரத்தில் கொலை எப்படி நின்றது, நின்ற பிறகும் எது மாறவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

அந்த ஊரின் பஞ்சாயத்து நமக்கெதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். அண்ணல் அம்பேத்கருக்கு அப்படித் தோன்றவில்லை. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, அந்த மாநாடே ரத்தானதால் அவரே அச்சிட்டு வெளியிட்ட ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில் அயர்லாந்து வருகிறது. சமூகத்தைத் திருத்தாமலே அரசியலைத் திருத்திவிடலாம் என்று நம்பியவர்களுக்குப் பதில் சொல்லும் இடத்தில் அவர் அல்ஸ்டரைக் காட்டுகிறார். ஒன்றுபட்ட அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட ரெட்மாண்ட், அல்ஸ்டர் புராட்டஸ்டன்டுகளுக்கு எந்த அரசியல் பாதுகாப்பையும் தரத் தயாராக இருந்தார். அவர்களோ அதைக் கேட்கவே மறுத்தார்கள். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுக்கும் நடுவே இருந்தது சாதி போன்ற ஒரு சமூகச் சிக்கல், அரசியல் தீர்வுக்குக் குறுக்கே நின்றது அதுதான் என்பது அண்ணலின் விளக்கம். அவர் அதை எழுதியபோது அயர்லாந்து பிரிக்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரிய ரத்தக்களரி அதற்குப் பிறகுதான் வந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. சேரியில் வீடுகள் எரிந்த மறுவாரம் தாலுகா ஆபீசில் ‘அமைதிக் கூட்டம்’ போடுவார்கள். அதில் உட்கார்ந்து எழுந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ‘அமைதி’ என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். பெல்ஃபாஸ்டில் அதே சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது என்று பார்ப்போம்.

முதலில் நகரத்தைச் சொல்கிறேன். மேற்கு பெல்ஃபாஸ்டில் ஃபால்ஸ் சாலை, ஷாங்கில் சாலை என்று இரண்டு சாலைகள் அருகருகே ஓடுகின்றன. ஃபால்ஸ் கத்தோலிக்கர் பகுதி, அயர்லாந்தோடு சேர விரும்புகிறவர்கள். ஷாங்கில் புராட்டஸ்டன்ட் பகுதி, பிரிட்டனோடு இருக்க விரும்புகிறவர்கள். இரண்டுக்கும் நடுவே சுவர். கூப்பர் வே என்ற இடத்தில் கீழே கான்கிரீட், அதன்மேல் இரும்புத் தகடு, அதற்கும் மேல் கம்பிவலை என மூன்று அடுக்காக, நம் ஊர் மூன்று மாடிக் கட்டடத்தை விட உயரமாக நிற்கிறது. சாலை குறுக்கிடும் இடங்களில் இரும்புக் கதவுகள் உண்டு. இரவானால் பூட்டிவிடுகிறார்கள். பெர்லின் சுவர் நின்றது 28 ஆண்டுகள். இந்தச் சுவர் 1969இல் எழுந்தது, இன்றும் நிற்கிறது. இதை எழுப்பிய பிரிட்டிஷ் ராணுவத் தளபதி அன்று சொன்னது, இது கொஞ்ச நாளைக்கான தற்காலிக ஏற்பாடு என்று.

சுவரின் கத்தோலிக்கப் பக்கத்தில் ஒரு தெருவின் பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பம்பாய் தெரு. பக்கத்தில் காஷ்மீர் சாலை, கான்பூர் தெரு. பேரரசு தன் வெற்றிகளைத் தெருக்களுக்குப் பெயராக வைத்த காலத்தின் மிச்சம். 1969 ஆகஸ்ட் 15 அன்று இந்தப் பம்பாய் தெருவின் வீடுகளைக் கும்பல் கொளுத்தியது. இன்று சுவரை ஒட்டியிருக்கும் வீடுகளின் பின்புறம் முழுக்கக் கம்பிக் கூண்டு போட்டு மூடியிருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து வரும் கல்லும் பாட்டிலும் விழாமல் இருக்க. கூண்டுக்குள் துணி காய்ந்துகொண்டிருந்தது.

அங்கே ஒருவர் எந்தப் பக்கம் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இருவரும் வெள்ளையர், இருவரும் கிறித்தவர், பேசுவது ஒரே ஆங்கிலம். அதனால் வேறு வழிகளில் கண்டுபிடிப்பார்கள். பெயர் என்ன, எந்தப் பள்ளியில் படித்தாய், எந்தத் தெரு என்பார்கள். ஆங்கிலத்தின் ‘எச்’ எழுத்தை ஒரு பக்கம் ‘ஹெய்ச்’ என்றும் மறுபக்கம் ‘எய்ச்’ என்றும் சொல்வார்களாம், அதை வைத்தும் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘ஊர்ல எந்தப் பக்கம் தம்பி?’ என்ற கேள்விக்குப் பழகிய நமக்கு இது புரியாத வித்தையல்ல. நான் கடவுள் மறுப்பாளன் என்று சொன்னால், ‘சரி, நீ கத்தோலிக்க நாத்திகனா, புராட்டஸ்டன்ட் நாத்திகனா?’ என்று கேட்பார்கள் என்று அவர்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்கிறார்கள்.

இதை மதச் சண்டை என்று செய்தித்தாள்கள் எழுதின. பிரச்சினையின் வேர் நிலத்தில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு அல்ஸ்டரில் கத்தோலிக்கரின் நிலங்களைப் பறித்து, ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புராட்டஸ்டன்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தியது. நிலம் யார் கையில், ஆட்சி யார் கையில் என்பதன் பெயர்தான் அங்கே மதம். 1921இல் அயர்லாந்தைப் பிரித்தபோது, புராட்டஸ்டன்டுகள் நிலையான பெரும்பான்மையாக இருக்கும்படி ஆறு மாவட்டங்களை மட்டும் எடுத்து வட அயர்லாந்து என்று ஆக்கினார்கள். 1972 வரை ஐம்பது ஆண்டுகள் ஒரே கட்சி இடைவெளியில்லாமல் ஆண்டது. மூன்றில் ஒரு பங்காக இருந்த கத்தோலிக்கர்கள் ஒருநாளும் ஆட்சிக்கு வர முடியாது. அங்கேயும் நாடாளுமன்றம் இருந்தது, தேர்தல் நடந்தது, பெரும்பான்மை வென்றது. எல்லாம் ‘ஜனநாயக’ முறைப்படிதான்.

அந்த ஜனநாயகம் கீழே எப்படி வேலை செய்தது என்பதுதான் முக்கியம். உள்ளாட்சித் தேர்தலில் வீட்டு வரி கட்டும் குடும்பத் தலைவருக்கும் அவர் துணைவருக்கும் மட்டுமே ஓட்டு. வாடகைக்கு ஓர் அறையில் இருப்பவருக்கும், பெற்றோர் வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஓட்டு இல்லை. நிறுவன முதலாளிகளுக்கோ ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டு. ஆக, வீடு இருந்தால்தான் ஓட்டு. நகராட்சி வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் கவுன்சிலர். எதிர்ப்பக்கத்துக்காரனுக்கு வீடு கொடுத்தால் அவனுக்கு ஓட்டும் போய்விடும், அதனால் கொடுக்கமாட்டார். டெரி நகரத்தில் கத்தோலிக்கர்தான் பெரும்பான்மை. வார்டு எல்லைகளை வெட்டி வரைந்த விதத்தால் மாநகராட்சியில் அவர்கள் எதிரணிக்கு 12 இடம், இவர்களுக்கு 8.

1968 ஜூனில் காலிடன் என்ற சிற்றூரில், குழந்தைகளோடு காத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களைத் தாண்டி, 19 வயதுத் திருமணமாகாத புராட்டஸ்டன்ட் பெண் ஒருவருக்கு நகராட்சி வீடு ஒதுக்கப்பட்டது. ஆஸ்டின் கரி என்ற சட்டமன்ற உறுப்பினர் அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்து போராடினார். வட அயர்லாந்தின் முப்பது ஆண்டு வரலாறு ஒரு தொகுப்பு வீட்டு ஒதுக்கீட்டில் தொடங்கியது என்று சொன்னால் அது மிகையல்ல.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஷாங்கில் சாலையில் இருந்த புராட்டஸ்டன்டும் ஏழைதான். அதே நெரிசலான வீடு, அதே ஆலை. ஆனால் டைட்டானிக் கப்பலைக் கட்டிய கப்பல் பட்டறையில் வேலை அவனுக்குத்தான் கிடைத்தது. 1920 ஜூலையில் அந்தப் பட்டறையிலிருந்து ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர்களைச் சக தொழிலாளர்களே அடித்து விரட்டினார்கள். அவர்களோடு சேர்ந்து நின்ற சோசலிச புராட்டஸ்டன்டுகளையும் ‘அழுகிப்போனவர்கள்’ என்று சொல்லி விரட்டினார்கள். 1932 அக்டோபரில் மட்டும், வேலையில்லாதோர் நிவாரணத்துக்காக ஃபால்ஸும் ஷாங்கிலும் சேர்ந்து தெருவில் இறங்கின. அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை. தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பையே கூலியாகக் கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டு பசியைப் பொறுத்துக்கொள்ளும் மனிதர்கள் உண்டு. அண்ணல் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை அங்கே இரண்டே படிகளில் வேலை செய்தது.

1967இல் குடியுரிமைச் சங்கம் ஒன்று உருவானது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஊர்வலங்களைப் பார்த்து, அவர்கள் பாடிய பாட்டையே பாடிக்கொண்டு நடந்தார்கள். கேட்டது என்ன? ஆளுக்கொரு ஓட்டு, நியாயமான வீட்டு ஒதுக்கீடு, வேலையில் பாகுபாடு கூடாது, சிறப்புச் சட்டங்களை நீக்கு. தனிநாடு கேட்கவில்லை, எல்லையை மாற்றக் கேட்கவில்லை. 1968 அக்டோபர் 5 அன்று டெரியில் தடியடிதான் பதிலாக வந்தது. அடுத்த ஆண்டு வீடுகள் எரிந்தன, ராணுவம் இறங்கியது. 1971இல் விசாரணையில்லாச் சிறை. 1972 ஜனவரி 30 அன்று டெரியில் ஊர்வலத்தில் வந்தவர்கள்மீது ராணுவம் சுட்டு 13 பேர் அங்கேயே இறந்தார்கள், ஒருவர் பிறகு இறந்தார். அதன் பிறகு ஐ.ஆர்.ஏ.வில் சேர இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள்.

ஐ.ஆர்.ஏ. செய்ததையும் சொல்ல வேண்டும். அதே 1972 ஜூலை 21 அன்று பெல்ஃபாஸ்டில் ஒரே பிற்பகலில் இருபதுக்கு மேற்பட்ட குண்டுகள் வைத்து ஒன்பது பேரைக் கொன்றது. பத்துப் பிள்ளைகளின் தாயான ஒரு விதவையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொன்று, பல ஆண்டுகள் எங்கே புதைத்தோம் என்று சொல்லாமல் இருந்தது. மறுபக்க ஆயுதக் குழுக்கள் கத்தோலிக்கன் என்ற ஒரே காரணத்துக்காகத் தெருவில் போனவர்களைக் கொன்றன. மொத்தம் 3,500 பேருக்கு மேல் இறந்தார்கள். பாதிக்கு மேல் சாதாரணப் பொதுமக்கள். அன்றைக்கு அங்கிருந்த மக்கள்தொகை பதினைந்து லட்சம்தான்.

இப்போது சமாதானத்துக்கு வருவோம். 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளி அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்காவின் ஜார்ஜ் மிட்செல் தலைமையில் பேச்சு நடந்தது. ஜான் ஹியூமுக்கும் டேவிட் டிரிம்பிளுக்கும் அந்த ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. தலைவர்கள் மனம் மாறினார்கள், கைகுலுக்கினார்கள், அமைதி வந்தது என்பதுதான் நாம் படித்த கதை. கைகுலுக்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் 1973-74லேயே இரு தரப்பும் அதிகாரத்தைப் பகிரும் ஏற்பாடு ஒன்று வந்தது. ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்து, மின்சாரத்தை முடக்கி, அதைக் கவிழ்த்தார்கள். 1974இல் நிற்காதது 1998இல் எப்படி நின்றது?

இடையில் சில வேலைகள் சத்தமில்லாமல் நடந்திருந்தன. 1971இல் வீட்டு ஒதுக்கீட்டு அதிகாரத்தைக் கவுன்சிலர்களிடமிருந்து பிடுங்கி ஒரு தனி வாரியத்திடம் கொடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு தேவை என்று மதிப்பெண் போட்டு, வரிசைப்படி வீடு. கவுன்சிலர் வீட்டு வாசலில் கைகட்டி நிற்கிற வேலை போயிற்று.

அடுத்தது வேலை. கத்தோலிக்க ஆண்களிடையே வேலையின்மை மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 1976இல் ஒரு சட்டம் போட்டார்கள், பாகுபாடு காட்டாதீர்கள் என்று புத்தி சொன்னது, யாரும் கேட்கவில்லை. 1984இல் ஷான் மெக்பிரைடின் பெயரில் ஒன்பது கோட்பாடுகள் அமெரிக்காவில் வெளிவந்தன. வட அயர்லாந்தில் பாகுபாடு காட்டும் நிறுவனங்களில் எங்கள் ஓய்வூதியப் பணத்தைப் போடமாட்டோம் என்று அமெரிக்க மாநிலங்கள் சட்டம் இயற்றத் தொடங்கின. பணம் பேசியதும் காது திறந்தது. 1989இல் புதிய சட்டம் வந்தது. அதன்படி பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பணியாளர்களில் கத்தோலிக்கர் எத்தனை, புராட்டஸ்டன்ட் எத்தனை என்று ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் குற்றம். மூன்று ஆண்டுக்கொரு முறை சேர்ப்பு முறையைத் தானே ஆய்வு செய்து, சரியில்லை என்றால் திருத்த வேண்டும்.

என் தம்பி மகள் வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்தப் படிவத்தை நிரப்பியிருக்கிறாள். எனக்குக் காட்டினாள். கத்தோலிக்கச் சமூகம், புராட்டஸ்டன்ட் சமூகம், இரண்டும் இல்லை என மூன்று கட்டங்கள். நான் சொல்லமாட்டேன் என்று விட்டுவிட்டாலும், படித்த பள்ளியை வைத்து நிறுவனம் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்கிறது சட்டம். இங்கே கணக்கெடுத்தால் சாதி வளர்ந்துவிடும் என்று நமக்குப் பாடம் எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொலை நடந்துகொண்டிருந்த ஊரில், பகை உச்சத்தில் இருந்த காலத்தில், ஒவ்வொரு ஆபீசிலும் ஆள் கணக்கு எடுத்தார்கள். பகை வளரவில்லை. இன்று அங்கே பணியாளர்களில் கத்தோலிக்கரின் பங்கு மக்கள்தொகையில் அவர்கள் பங்குக்கு ஏறக்குறைய இணையாக வந்துவிட்டது.

1998 ஒப்பந்தம் இந்த அடித்தளத்தின்மேல் நின்றது. யாரும் பிரிட்டிஷ்காரராகவோ, அயர்லாந்துக்காரராகவோ, இரண்டுமாகவோ இருக்கலாம். எல்லையை மாற்றுவதென்றால் மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மை வேண்டும். அமைச்சரவையில் இரு தரப்பும் கட்டாயம் இருக்க வேண்டும், பெரும்பான்மை என்ற பெயரில் ஒருவரை ஒதுக்க முடியாது. போர்நிறுத்தத்தில் இருக்கும் அமைப்புகளின் கைதிகள் இரண்டு ஆண்டுக்குள் விடுதலை. அந்த மேசையில் பெண்கள் கட்சி ஒன்றும் இருந்தது. 1996இல் மோனிக்கா மெக்வில்லியம்ஸும் பேர்ல் சேகரும் தொடங்கிய கட்சி, இரு தரப்புப் பெண்களும் அதில் இருந்தார்கள். பாதிக்கப்பட்டோர் பற்றியும் கலப்புப் பள்ளிகள் பற்றியும் ஒப்பந்தத்தில் வரும் சொற்களுக்கு அவர்கள் பிடிவாதம் ஒரு காரணம். மே 22 வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மூன்று மாதத்துக்குள் ஓமா நகரில் ஒப்பந்தத்தை எதிர்த்த ஒரு குழு வைத்த குண்டில் 29 பேர் இறந்தார்கள். அப்போதும் ஒப்பந்தம் உடையவில்லை.

எனக்கு இதில் மிக முக்கியமாகத் தோன்றியது காவல்துறை. பழைய காவல்துறையில் கத்தோலிக்கர் நூற்றுக்குச் சுமார் எட்டுப் பேர். ஒப்பந்தப்படி கிறிஸ் பாட்டன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். 1999இல் அறிக்கை வந்தது. நல்ல அதிகாரிகளை நியமியுங்கள், மக்களோடு நட்பாக இருங்கள் என்ற வழக்கமான அறிவுரையோடு அது நிற்கவில்லை. 2001இல் காவல்துறையின் பெயரை மாற்றினார்கள், சின்னத்தை மாற்றினார்கள். புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதி கத்தோலிக்கர், பாதி மற்றவர் என்று சட்டம் போட்டார்கள். பத்து ஆண்டுகளில் எட்டு என்பது முப்பது ஆனது. 2011இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அந்த எண் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. ‘இட ஒதுக்கீடு எத்தனை நாளைக்கு?’ என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

ஆக, வீடு, வேலை, ஓட்டு, காவல் நிலையம் என்று எங்கெல்லாம் கணக்குக் கேட்டு, சட்டம் போட்டு, சரி செய்தார்களோ அங்கெல்லாம் சமாதானம் வேர் பிடித்திருக்கிறது. எங்கே கணக்குக் கேட்கவில்லையோ அங்கே சுவர் நிற்கிறது.

பள்ளிகளைப் பாருங்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு பள்ளி, புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் வேறு பள்ளி. 1981இல் சில பெற்றோர் சேர்ந்து 28 மாணவர்களோடு லாகன் கல்லூரி என்ற முதல் கலப்புப் பள்ளியைத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டு கடந்தும் கலப்புப் பள்ளிகளில் படிப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஒப்பந்தம் வந்து மூன்று ஆண்டு கழித்து, 2001இல், ஆர்டாயின் பகுதியில் நான்கு வயதிலிருந்து பதினொரு வயது வரையிலான கத்தோலிக்கச் சிறுமிகள் வசவுகளுக்கும் கல்லெறிக்கும் நடுவே போலீஸ் காவலோடு பள்ளிக்கு நடந்துபோனார்கள். ஒருநாள் குண்டே வீசினார்கள்.

குடியிருப்பைப் பாருங்கள். வாரியம் நியாயமாக வீடு கொடுக்கிறது, ஆனால் அவரவர் பகுதியில்தான். அரசுக் குடியிருப்புகள் பெரும்பாலும் ஒரே தரப்பினருடையவை. 2013இல் அரசு, பத்து ஆண்டுக்குள் எல்லாச் சுவர்களையும் அகற்றுவோம் என்று அறிவித்தது. 2023 வந்தது, போனது. சுவர் நிற்கிறது. எங்களைக் காரில் அழைத்துப்போன ஓட்டுநர் ஃபால்ஸ்காரர், அறுபது வயதிருக்கும். “சுவரை இடி என்று சொல்பவர்கள் நல்ல தெருவில் இருப்பவர்கள். ராத்திரியில் கல் விழுவது அவர்கள் கூரையில் இல்லை” என்றார். தெற்கு பெல்ஃபாஸ்டில் மாலோன் சாலைப் பக்கம் வசதியானவர்கள் இரு தரப்பும் கலந்து வாழ்கிறார்கள், அங்கே சுவர் கிடையாது. சமாதானத்தின் பலன் முதலில் வசதியானவர்களுக்குத்தான் போயிருக்கிறது. சுவரோரத்தில் இருப்பவர்கள் இன்னும் ஏழைகள்தான், இரு பக்கமும். 2021 ஏப்ரலில் லானார்க் வே கதவருகே பேருந்தைக் கொளுத்தியதும், இரு பக்கமிருந்து பெட்ரோல் குண்டு வீசிக்கொண்டதும் 1998க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்.

மூன்றாவது, உண்மை. டெரிப் படுகொலையை விசாரித்த முதல் ஆணையம் 1972லேயே ராணுவத்தைக் காப்பாற்றிவிட்டது. குடும்பங்கள் விடவில்லை. 38 ஆண்டு கழித்து, 2010 ஜூன் 15 அன்று, கொல்லப்பட்டவர்கள் யாராலும் ஆபத்து இருக்கவில்லை என்று சாவில் அறிக்கை சொன்னது, பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இன்றுவரை ஒரு சிப்பாய்கூட அதற்காகத் தண்டிக்கப்படவில்லை. 2023இல் பிரிட்டிஷ் அரசு, அந்தக் காலக் கொலைகளின் விசாரணைகளையே முடித்துவைக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. வட அயர்லாந்தின் முக்கியக் கட்சிகள் எல்லாம் ஒருசேர எதிர்த்தன. அதில் குற்றவாளிகளுக்குத் தரும் விலக்கு மனித உரிமைக்கு எதிரானது என்று 2024 பிப்ரவரியில் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘பழசையெல்லாம் கிளறாதீர்கள், அமைதி கெட்டுவிடும்’ என்ற குரல் எல்லா நாட்டிலும் ஒரே குரல்தான்.

இன்னொன்றையும் நான் அங்கே கேட்டறிந்தேன். 2024 ஆகஸ்ட் 3 அன்று பெல்ஃபாஸ்டில் குடியேறிகளுக்கு எதிரான ஊர்வலம் போய்க் கலவரமாக முடிந்தது. வெளிநாட்டவர் கடைகளை அடித்து நொறுக்கித் தீ வைத்தார்கள். அந்த ஊர்வலத்தில் பிரிட்டிஷ் கொடியும் அயர்லாந்துக் கொடியும் சேர்ந்தே போயின. நூறு ஆண்டு ஒன்றுசேராத கொடிகள், மூன்றாவது ஆள் ஒருவன் கிடைத்ததும் சேர்ந்துகொண்டன. அந்த வாரம் முழுக்க என் தம்பி மகளும் அவளோடு வேலை பார்க்கும் கேரளப் பெண்களும் இரவுப் பணி முடிந்து தனியாகப் போகவில்லை, ஐந்தாறு பேராகச் சேர்ந்துதான் வீடு திரும்பியிருக்கிறார்கள். “பெரியப்பா, இங்க யாராவது நீ எந்தப் பக்கம்னு கேட்டா, ரெண்டும் இல்லன்னு டிக் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி அந்தக் கட்டத்துல இருக்கறவங்களத் தேடித்தான் வந்தாங்க” என்றாள். மேலே இரண்டு பேருக்கு மட்டும் எழுதிய சமாதானத்தில் மூன்றாமவருக்கு இடமில்லை. அதே நகரம்தான் 1845இல் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளசை வரவேற்றுப் பேசவைத்தது, 2023இல் நகர மையத்தில் அவருக்குச் சிலையும் வைத்தது. சிலை இருக்கும் ஊரில்தான் கடைகளும் எரிந்தன.

தோழர்களே, இதிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொள்வது? அப்படியே எடுத்து ஒட்ட முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஒப்பந்தத்தின் அடிப்படை, இரண்டு அடையாளங்களுக்கும் சம மதிப்பு என்பது. அவர்கள் சட்டமன்றத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் நான் யூனியனிஸ்ட், நான் தேசியவாதி, நான் மற்றவர் என்று பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு அடையாளங்களை உறைய வைத்துவிட்டது. ஒரு தரப்பு வெளியேறினால் ஆட்சியே நின்றுபோகும். 2017இலிருந்து 2020 வரையும், 2022இலிருந்து 2024 வரையும் நின்றே போயிருந்தது. அவர்களுக்காவது இரண்டு அடையாளங்களும் சமமாக நிற்பது சாத்தியம். கத்தோலிக்கராக இருப்பதற்குப் புராட்டஸ்டன்டை இழிவாக்கத் தேவையில்லை. சாதி அப்படிப்பட்டதல்ல. ஒருவரை இழிவாக்காமல் இன்னொருவரின் ‘பெருமை’ அதில் நிற்காது. ஆதிக்கச் சாதிக்கும் ஒடுக்கப்பட்ட சாதிக்கும் ‘சம மதிப்பு’ கொடுத்துச் சுமுகமாக வாழ்வோம் என்பது, சுவரை அப்படியே வைத்துவிட்டு அதன்மேல் படம் வரைவதைப் போன்றது. நாம் கேட்பது சாதிகளுக்கிடையே சமாதானமல்ல, சாதி ஒழிப்பு.

ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தாலுகா ஆபீஸ் அமைதிக் கூட்டத்தில் எரித்தவரையும் எரிக்கப்பட்டவரையும் ‘இரு தரப்பு’ என்று எதிரெதிரே உட்காரவைத்து, இனிமேல் பிரச்சினை செய்யமாட்டோம் என்று இருவரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். வழக்கை வாபஸ் வாங்கினால் அமைதி என்கிறார்கள். பெல்ஃபாஸ்டில் பாதிக்கப்பட்டவர்கள் அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கும் கவுன்சிலர் வாசலில்தான் நின்றிருப்பார்கள். அங்கே சமாதானம் பேச வந்தவர்கள், வீடு யாருக்குக் கொடுத்தீர்கள், வேலைக்கு யாரை எடுத்தீர்கள், உங்கள் காவல் நிலையத்தில் எங்கள் ஆள் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதில் சொன்ன அளவுக்குத்தான் அமைதி வந்தது.

அடுத்த முறை உங்களை அமைதிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். போகும்போது கையில் இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். ஊரில் பொது நிலம் எவ்வளவு, யார் கையில் இருக்கிறது? பட்டா கேட்டு எத்தனை மனு, எத்தனை ஆண்டாக நிற்கிறது? இந்தக் காவல் நிலையத்தில் நம்மவர் எத்தனை பேர்? பதிவான வழக்குகளில் தண்டனை எத்தனை? பதில் வந்த பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

ஜெய்பீம்.